ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி

இந்த வருடம் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு பெண் என்னிடம் வந்து பேசினார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் என் நாவல் எதுவும் இல்லை. பதிப்பாளரின் அரங்கில் நான் நிற்பதைப் பார்த்து, பெயரை உறுதி செய்துகொண்டு, ஒரு படத்தைச் சொல்லி, "அதுக்கு நீங்கதானே சார் வசனம்?" என்றார். ஆமாம் என்றேன். "அதுல அம்மா சமையல்கட்டுல நின்னுக்கிட்டு மகன்கிட்ட, 'ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடறதுன்னு எனக்குத் தெரியலடா'ன்னு சொல்வாங்கல்ல..." என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் பேச முடியாமல் நிறுத்திக்கொண்டார். அவருடைய அப்பா போன வருடம் இறந்துவிட்டாராம். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன அன்று இரவு, அம்மா ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி டப்பாவுக்கு முன்னால் அப்படியே நின்றிருக்கிறார். "அப்ப எனக்கு உங்க வரிதான் சார் ஞாபகம் வந்துச்சு. அதனாலதான் அம்மா ஏன் நிக்கிறாங்கன்னே புரிஞ்சுது" என்றார். நான் "ரொம்ப நன்றிம்மா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார்.

அந்த வரியை நான் எழுதவில்லை.

அன்று இரவே இதை யாரிடமாவது சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். சொல்லவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், அப்புறம் மூன்று மாதம் ஆகியும் அந்த 'நன்றிம்மா' தொண்டையிலேயே நின்றது. படம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வசனம் என்று திரையில் வந்தது என் பெயர்தான். அதைப் பார்த்துத்தான் அவர் கேட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவர் தன் அப்பாவின் சாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது, அதை வாங்கிக்கொள்ளும் உரிமை எனக்கு இருந்ததா என்ற கேள்வியிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை.

டிஸ்கஷன்

நான் நான்கு நாவல்கள் எழுதியிருக்கிறேன், ஐந்து படங்களுக்கு வசனம் எழுதியிருக்கிறேன். முதல் நாவலுக்கு ஆறு வருடம் ஆனது. அதில் உள்ள ஒவ்வொரு காற்புள்ளியும் என்னுடையது. பிழைகளும் என்னுடையவை. இரண்டாவது பதிப்பில் திருத்தியும் இன்னும் ஒரு இடத்தில் கதாபாத்திரத்தின் வயது தப்பாகத்தான் இருக்கிறது, அதற்கும் நான்தான் பொறுப்பு. சினிமாவுக்கு வந்தபோது எனக்கு முதலில் புரியாமல் போனது சமரசமோ சம்பளமோ இல்லை. ஒரு வாக்கியம் யாருடையது என்று கேட்கவே இடமில்லாத அறை அது என்பதுதான்.

சாலிகிராமத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டை அலுவலகமாக எடுத்திருந்தார்கள். இயக்குநர், இணை இயக்குநர், மூன்று உதவி இயக்குநர்கள், நான். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் இரவு எட்டு மணி வரை பேச்சுதான். முதலில் ஒன்லைன், காட்சிக்கு ஒரு வரி வீதம். பிறகு சீன் ஆர்டர். இடைவேளை எங்கே விழ வேண்டும் என்பதை வைத்து மொத்தத்தையும் இரண்டு முறை கலைத்து அடுக்கினோம். அதற்குப் பிறகுதான் வசனம். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் அதிலிருந்து வேறொன்றை எடுப்பார், டீ வரும், டீ கொண்டுவந்தவர் சிரித்தால் அந்த இடம் வேலை செய்கிறது என்று அர்த்தம். மாலையில் நான் வீட்டுக்குப் போய் என் குறிப்பேட்டில் எழுதுவேன். மறுநாள் படித்துக் காட்டுவேன். இயக்குநர் சரி என்று சொன்னதை உதவி இயக்குநர்கள் சுத்தமாக நகல் எடுப்பார்கள். சில நாட்களில் உதவி இயக்குநர்களே ஒரு காட்சியை எழுதிக் கொடுப்பார்கள், நான் அதைச் சீர்செய்வேன். அந்தத் தாள்களில் யாரும் பெயர் எழுதுவதில்லை.

எட்டு மாதம் அப்படி ஓடியது. அந்த எட்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது அதிகம். காட்சி முடிவதற்கு முன்பே வெளியேறிவிடக் கற்றுக்கொண்டேன். பேசுகிறவர் மனதில் இருப்பதைப் பேச வேண்டியதில்லை என்று கற்றுக்கொண்டேன். என் முதல் இரண்டு நாவல்களில் எல்லாரும் தங்கள் துக்கத்தைச் சொற்பொழிவு மாதிரி சொல்வார்கள். மூன்றாவதில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த மாற்றம் சாலிகிராமத்து அறையில்தான் நடந்தது.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி திரைக்கு வரவே இல்லை. அப்பா காலையில் ரயில் நிலைய ஸ்டாண்டில் சைக்கிளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர். ஒருநாள் வேலை செய்யும் இடத்திலேயே விழுந்து இறந்துவிடுகிறார். பதினோரு நாள் கழித்து மகன் அவருடைய சட்டைப்பையில் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனைப் பார்க்கிறான். எடுத்துக்கொண்டு போகிறான். ஸ்டாண்டுக்காரர் நோட்டைப் பார்த்து பதினோரு நாளுக்குக் கணக்குச் சொல்கிறார். பையன் பேசாமல் பணத்தை எண்ணுகிறான். "ஏன், ஐயா ஊர்ல இல்லையா?" என்று அவர் கேட்கிறார். பையன் சொல்கிறான். ஸ்டாண்டுக்காரர் கொஞ்ச நேரம் அந்தச் சைக்கிளையே பார்த்துவிட்டு, ஒரு நாள் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறார். "மத்த நாளெல்லாம் அவரா விட்டாரு?" என்கிறார். அவ்வளவுதான் காட்சி. அரை நாள் எடுத்தார்கள். படம் பதினைந்து நிமிடம் நீளம் என்று படத்தொகுப்பில் போய்விட்டது. வசனம் எழுதுவதைப் பற்றி யாராவது பேசக் கூப்பிட்டால், நான் எழுதி இழந்த காட்சி என்று இதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

கதை இலாகா

எழுத்தாளனைச் சினிமா கெடுத்துவிடும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. அதற்கு முதல் சாட்சியாகப் புதுமைப்பித்தனைக் கூப்பிடுவார்கள். கடைசிக் காலத்தில் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனேவுக்குப் போனார், காசநோய் முற்றித் திரும்பினார், 1948ல் இறந்தார். நாற்பத்திரண்டு வயது. இதைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரைச் சினிமாவுக்குத் துரத்தியது எழுத்தால் சோறு கிடைக்காத நிலைமை. அந்த நிலைமையைப் பேசாமல் சினிமாவை மட்டும் திட்டுவது சுலபம்.

எதிர்ச் சாட்சிக்கு சுஜாதா இருக்கிறார். 'விக்ரம்', 'ரோஜா', 'இந்தியன்' என்று எழுதிக்கொண்டே போனார், 2008ல் அவர் இறந்த பிறகு 2010ல் 'எந்திரன்' வந்தது. அதோடு கதை, கட்டுரை, நாவல் எதுவும் நிற்கவில்லை. ஆனால் அவர் பல வருடம் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தபோது சினிமாவிடம் வேண்டாம் என்று சொல்ல முடியும். டப்பிங் முடிந்ததும் வர வேண்டிய கடைசித் தவணைக்காக அலுவலகப் படியேறி இறங்குகிறவனுக்கு அந்த வசதி இல்லை.

இந்த இரண்டையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஜெமினி ஸ்டுடியோவின் கதை இலாகா. எஸ்.எஸ். வாசன் எழுத்தாளர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். 1948ல் 'சந்திரலேகா' வந்தபோது கதை ஒரு ஆளுடையதாக வரவில்லை, இலாகாவுடையதாக வந்தது. கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன், சங்கு சுப்பிரமணியம், கிட்டு, நைனா என்று பலர் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை. அந்தப் படத்தில் எந்த வரி யாருடையது என்று இன்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதே சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதினார். அங்கே ஒவ்வொரு வரியும் அவருடையது. 1968ல் அது படமானதற்கும் அவருடைய நாவல்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். இலாகாவில் கரைந்துபோன ஆளும், வாரப் பத்திரிகையில் வாசகர்கள் காத்துக் கிடந்த ஆளும் ஒருவரே. முன்பெல்லாம் இலாகா என்ற ஏற்பாட்டை நான் அநியாயம் என்றுதான் நினைப்பேன். இப்போது, ஒரு விதத்தில் அது நேர்மையானது என்று தோன்றுகிறது. பலர் செய்தார்கள், பலர் செய்தார்கள் என்றே சொன்னார்கள். இன்று அதே மாதிரி ஆறு பேர் உட்கார்ந்து செய்கிறோம், ஒருவர் அல்லது இருவர் பெயர்தான் பெரிய எழுத்தில் வருகிறது. உதவி இயக்குநர்களின் பெயர்கள் ஒரே அட்டையில் பொடி எழுத்தில், படிப்பதற்குள் போய்விடும்.

அதே ஜெமினியில் அசோகமித்திரன் 1952லிருந்து 1966 வரை வேலை பார்த்தார், எழுத்தாளராக இல்லாமல் வேறு வேலையில். பின்னால் அவர் எழுதிய 'கரைந்த நிழல்கள்' நாவலில் தயாரிப்பு நிர்வாகிகளும் உதவி இயக்குநர்களும் துணை நடிகைகளும்தான் மனிதர்கள். நான் சினிமாவுக்குள் போவதற்கு முன் அதை ஒருமுறை படித்தேன், போன பிறகு ஒருமுறை. இரண்டாவது முறை படித்தபோது தலைப்பே என்னை நிறுத்தியது.

பெயர் மறைவது எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது. டால்டன் ட்ரம்போ நாவலாசிரியர், ஹாலிவுட்டின் பெரிய திரைக்கதையாளர். கம்யூனிஸ்ட் என்று 1947ல் விசாரணைக்கு இழுத்தார்கள், சிறைக்குப் போனார், அதன் பிறகு அவர் பெயரைத் திரையில் போட ஆளில்லை. வேறு பெயர்களில் எழுதினார். 1956ம் ஆண்டுக்கான கதை ஆஸ்கர் 'ராபர்ட் ரிச்' என்பவருக்கு அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு எழுத்தாளர் உலகத்திலேயே இல்லை. அந்தச் சிலை ட்ரம்போ கைக்கு வந்தது 1975ல், அவர் இறப்பதற்கு முந்தைய வருடம். அவரிடமிருந்து பெயரைப் பறித்தவர்கள் யார் என்று சொல்லிவிடலாம். என் கதையில் பறித்தவர் என்று யாரும் இல்லை. எல்லாரும் நல்லவர்கள். அதனால்தான் இது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

சட்டத்தில் வழி இருக்கிறதா என்றும் தேடினேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57வது பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் படைப்பு என்னுடையது என்று சொல்லும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது. இந்தி நாவலாசிரியர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கியவர்கள் மேல் வழக்குப் போட்டபோது, 1986ல் தில்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு படமாக்கும் உரிமையை விற்ற எழுத்தாளருக்கும் பொருந்தும் என்று உறுதி செய்தது. 2012ல் வந்த திருத்தம், திரையரங்குக்கு வெளியே படத்தில் உள்ள எழுத்து பயன்படும்போது எழுதியவருக்குச் சரிபாதி உரிமைத்தொகை உண்டு என்றும், அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கக்கூட முடியாது என்றும் சொல்கிறது. நல்ல சட்டங்கள். முழுக்கதை எழுதியவர் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்து வைக்கலாம், திருட்டு நடந்தால் காட்டலாம். படப்பிடிப்புத் தளத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி ஒருவர் சொன்ன ஒரே ஒரு வரியை எங்கே போய்ப் பதிவு செய்வது?

அந்த இரவு

வசனம் எழுதுகிறவனைப் படப்பிடிப்புக்கு அடிக்கடி கூப்பிட மாட்டார்கள். அன்று கூப்பிட்டதற்குக் காரணம் நான் எழுதியது நீளமாக இருந்தது. காரியம் முடிந்த இரவு, அம்மாவும் மகனும் சமையலறையில். அம்மாவுக்கு ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதியிருந்தேன். கல்யாணமான புதிதில் அவர் எப்படி இருந்தார், எதற்குக் கோபப்படுவார், எதற்குச் சிரிப்பார் என்று போகும். அறையில் படித்தபோது இரண்டு பேர் கண் கலங்கினார்கள். தளத்தில் இயக்குநர் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு, "சார், இவ்வளவு பேச வேணாம். ஒரு வரி போதும்" என்றார்.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. நடிகை காலையிலிருந்து ஒப்பனையோடு இருந்தார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு வரி எழுதினேன். ஒவ்வொன்றாக இயக்குநரிடம் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை மெல்ல ஆட்டினார். லைட்மேன்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது, கன்டினியூட்டிக்காக அரிசி டப்பாவை இடம் பார்த்து வைத்துக்கொண்டிருந்த மூன்றாவது உதவி இயக்குநர், டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, யாரிடம் என்றில்லாமல், "ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடறதுன்னு தெரியலடான்னு சொன்னா?" என்றார்.

இயக்குநர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடிகையைப் பார்த்தார். நடிகை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதான்" என்றார் இயக்குநர். ஒரே டேக். கட் சொன்ன பிறகும் யாரும் அசையவில்லை. நான் என் நான்கு வரிகளையும் அடித்தேன்.

அந்த வரி என்னுடையதாக மாறியது எப்படி என்று இப்போது திரும்பிப் பார்க்கிறேன். எந்த இடத்திலும் நான் பொய் சொல்லவில்லை. மறுநாள் வசனப் பிரதியில் அதை நானே சேர்த்து எழுதினேன், பிரதியை முழுமையாக வைப்பது என் வேலை. டப்பிங்கின்போது தயாரிப்பாளர் "உங்க அரிசி டயலாக் பிரமாதம்" என்றார், நான் "அந்தம்மா நல்லா பண்ணியிருக்காங்க" என்றேன். ஒரு பத்திரிகை விமர்சனம் என் வசனத்துக்கு உதாரணமாக அந்த ஒரு வரியைத்தான் காட்டியது. அதை வெட்டி எடுத்து வைத்தேன். அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிட்டவர் அந்த வரியைச் சொல்லித்தான் கூப்பிட்டார். என் அடுத்த மூன்று படங்களும், அவற்றில் வந்த பணத்தில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து எழுதிய நான்காவது நாவலும் அந்த வரியிலிருந்து வந்தவை என்று சொன்னால் அது மிகையாகாது.

அழைப்பு

போன மாதம் அந்த மூன்றாவது உதவி இயக்குநரின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். இப்போது வேறொரு இயக்குநரிடம் இணை இயக்குநராக இருக்கிறார். தனிப்படம் இன்னும் அமையவில்லை. இரண்டு முறை அட்வான்ஸ் வாங்கும் வரை போய் நின்றிருக்கிறது. நலம் விசாரித்து முடித்ததும் புத்தகக் கண்காட்சியில் நடந்ததைச் சொன்னேன். அந்த வரி உங்களுடையது, நான் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அது நான் சொன்னதா சார்?" என்றார்.

அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. டப்பாவை வைத்தது நினைவிருந்தது. அன்று இரவு உணவு தாமதமாக வந்தது நினைவிருந்தது. வரி இல்லை. "ஷூட்டிங்ல நூறு சொல்லுவோம் சார், ஒண்ணு நிக்கும்" என்றார். நான் அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவரே தொடர்ந்தார். "எனக்கு அந்தப் படம்னாலே சைக்கிள் ஸ்டாண்டு சீன்தான் சார். அதைத் தூக்கினப்ப ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. எங்க சித்தப்பா ஸ்டாண்டு வெச்சிருந்தாருல்ல, அவரு பண்ணினது அது. நான் எழுதிட்டு வந்து பயந்துகிட்டே உங்ககிட்டதான் கொடுத்தேன். நீங்க நல்லாயிருக்குன்னு சொல்லி உங்க நோட்டுல எழுதிக்கிட்டீங்க."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. நான் பாராட்டியதை இத்தனை வருடம் வைத்திருந்து திருப்பிச் சொல்கிற குரல். அந்தக் காட்சியை நான் எழுதியதாக எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். அது எனக்கு நினைவிருந்து சொன்ன ஆமாம் இல்லை.

அன்று இரவு பரணிலிருந்து அந்த வருடத்துக் குறிப்பேடுகளை இறக்கினேன். காட்சி இருந்தது. என் கையெழுத்து, என் மை, ஓரத்தில் நான் வழக்கமாகப் போடும் நட்சத்திரம். ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு படித்தேன். பையன் சட்டைப்பையிலிருந்து எடுப்பது டோக்கன் என்று அதில் இல்லை. 'தகர வில்லை' என்று இருந்தது. என் வாழ்நாளில் நான் அதை டோக்கன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். என் நான்கு நாவல்களிலும் தேடிப் பார்த்தேன். வில்லை என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

காலையில் மறுபடி அழைத்தேன். இதையெல்லாம் எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார். இப்ப இருக்கிற இடத்துல தப்பா எடுத்துப்பாங்க. பழைய டைரக்டருக்கும் சங்கடம்" என்றார். நியாயம்தான். அந்தத் தொழிலில் அவர் இன்னும் ஏற வேண்டிய படி இருக்கிறது. வேறு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்றார். தன்னிடம் அந்தக் காட்சியின் பிரதி எதுவும் இல்லையாம். அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் பக்கத்தின் மேலே, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், அவர் பெயரை எழுதினேன்.

புத்தகக் கண்காட்சியில் என்னிடம் பேசிய அந்தச் சகோதரியின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எங்காவது இதைப் படித்தால் அவருக்காக: உங்கள் அம்மா நின்ற இடத்தைச் சொன்னவர் நான் இல்லை. சொன்னவர் இந்த வாரம் ஒரு வெளியூர்ப் படப்பிடிப்பில் இருக்கிறார். நேற்று இரவு பேசியபோது, நாளைக்கு எடுக்க வேண்டிய காட்சியில் அம்மா கதாபாத்திரத்துக்கு ஒரு வரி சரியாக வரவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.